அளவைத் திருடியவர்

அத்தியாயம் 7

“முதல்ல ஒண்ணு முடிவு பண்ணுங்க சார். திருடு போனது குத்தமா, திருடு போகாதது குத்தமா?” என்று கேட்டான் காப்பி.

தயாரிப்பாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருடைய மேஜைமேல் கிடந்த புகார்க் கடிதத்தை டீச்சர் மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தார். ‘அடுப்பு அரங்கம்’ என்ற தொலைக்காட்சிச் சமையல் போட்டியின் இறுதிச் சுற்றுக்கு வந்திருந்த இருவரில் ஒருவரான பல் டாக்டரம்மா எழுதிய கடிதம் அது. எதிர்ப் போட்டியாளரின் மேடையிலிருந்து ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பொருள் காணாமல் போகிறது. போகும் ஒவ்வொரு முறையும் அவருக்கே அதிக மதிப்பெண் கிடைக்கிறது. என் மேடையிலிருந்து இதுவரை ஒரு ஸ்பூன்கூடக் காணாமல் போகவில்லை. இந்தப் பாரபட்சத்தை வன்மையாகக் கண்டிக்கிறேன். இவ்வளவுதான் விஷயம்.

“இருபத்திரண்டு வருஷம் கணக்கு வாத்தியாரா இருந்தேன். என்கிட்ட வராத புகாரே கிடையாது. ஆனா ‘என் பென்சிலை ஏன் யாரும் திருடலை’ன்னு யாரும் அழுதுக்கிட்டு வந்ததில்லை” என்றார் டீச்சர்.

அந்த இருபத்திரண்டு வருடங்களில் டீச்சர் பிடிக்காத பிட்டு இல்லை. சட்டைக் கைமடிப்பு, செருப்பின் அடிப்பாகம், ரெட்டைப் பின்னல் என்று எங்கே ஒளித்தாலும் எடுத்துவிடுவார். விருப்ப ஓய்வு வாங்கியதும் அதே வேலையைச் சொந்தமாகச் செய்யலாமே என்று துப்பறியும் நிலையம் ஆரம்பித்தார். உதவியாளனாக அவர் தேர்ந்தெடுத்தது தன் சர்வீஸிலேயே பெரிய குற்றவாளியை. பக்கத்து மாணவன் அடித்துத் திருத்திய இடத்தில்கூட அதேபோல் அடித்துத் திருத்தி எழுதியவன். இப்போது வயது முப்பத்தாறு. பெயர் என்னவோ ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் விழுந்த ‘காப்பி’ மட்டும் ஒட்டிக்கொண்டது.

“மூணு மணிக்குள்ள எனக்கு ஒரு பேரு வேணும் மேடம்” என்றார் தயாரிப்பாளர். “அப்பதான் ஷூட்டிங். அதுக்குள்ள திருடன் கிடைக்கலைன்னா டாக்டரம்மா வக்கீலோட வருவேங்கிறாங்க. ரெண்டு நாளா நீங்களும் சுத்துறீங்க.”

“சும்மா சுத்தலை சார்” என்றான் காப்பி. “டாக்டரம்மாவைச் சந்தேகப்பட்டோம். நடுவரைச் சந்தேகப்பட்டோம். கேமராக்காரரைச் சந்தேகப்பட்டோம். நேத்து ஆள் தீர்ந்துபோய் என்னையே நான் அரை மணி நேரம் சந்தேகப்பட்டேன்.”

“என்னென்ன போச்சு, இன்னொரு தடவை வரிசையா சொல்லுங்க” என்றார் டீச்சர்.

“கால் இறுதிக்கு முந்தின சுற்றுல ரொட்டி. அன்னைக்கு மின்தராசு காணோம். கால் இறுதியில முட்டை. நிமிஷம் பார்க்கிற டைமர் காணோம். அரை இறுதியில மீன். அன்னைக்கு சூடு பார்க்கிற தெர்மாமீட்டர் காணோம். தராசும் டைமரும் மறுநாள் காலையில அதே மேடையில பத்திரமா இருந்துச்சு. துணியில சுத்தி…” என்றார் தயாரிப்பாளர்.

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “திரும்பி வந்துச்சா? ரெண்டு நாளா இதை ஏன் சொல்லலை?”

“போனதைத்தானே மேடம் கேட்டீங்க. வந்ததைக் கேக்கலையே.”

காப்பி மேலே விட்டத்தைப் பார்த்தான். தயாரிப்பாளர் இழுப்பறையைத் திறந்து, கசங்கிய இரண்டு வெள்ளைத் துணித் துண்டுகளை எடுத்து வைத்தார். டீச்சர் அவற்றை விரித்தார். கைக்குட்டைக்குக் கொஞ்சம் பெரியவை. ஓரங்கள் நேராக இல்லை. ரம்பத்தின் பல்போல வளைந்து வளைந்து வெட்டப்பட்டிருந்தன.

“தெர்மாமீட்டர் மட்டும் திரும்பி வரலை?”

“வரலை.”

“சரி. சாமான் பறிகொடுத்த லிஃப்ட்காரர் இதைப் பத்தி உங்ககிட்ட வந்து என்ன சொன்னார்?”

தயாரிப்பாளர் யோசித்தார். “ஒண்ணுமே சொல்லலை மேடம். அவர் புகாரே குடுக்கலை.”

“வீட்டுல திருடு போனா வீட்டுக்காரன் கத்தணும். இங்கே எதிர்வீட்டுக்காரங்கதான் கத்துறாங்க” என்று எழுந்தார் டீச்சர். “வாடா.”

லிஃப்ட்காரர் என்பது போட்டியாளரின் பழைய வேலை. பதினொரு மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில், இரும்பு மடக்குக் கதவு வைத்த பழங்காலத்து லிஃப்டில் பத்தொன்பது வருடம் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர். ஏறி இறங்கும் நேரத்தில் சமையல் புத்தகம் படிப்பார். ஐந்தாம் மாடிக்குள் வெங்காயம் வதங்கிவிடும். எட்டாம் மாடியில் யாராவது ஏறினால் சாஸ் பாதியில் நின்றுவிடும். கட்டடத்துக்குப் புது லிஃப்ட் வந்ததும் வேலை போனது. அதே கட்டடத்தின் அடித்தளத்தில் எட்டு மேஜை போட்டு ஒரு சாப்பாட்டுக் கடை திறந்தார். இதற்கு முன் இரண்டு முறை ‘அடுப்பு அரங்க’த்துக்கு வந்திருக்கிறார். முதல் தடவை முதல் சுற்றிலேயே வெளியே. இரண்டாம் தடவை ஆறாம் இடம். இரண்டு தடவையும் நடுவர் சொன்ன வாக்கியம் ஒன்றுதான்: “ஒரு தப்பும் இல்லை.” அதைச் சொல்லும்போது அவருக்குக் கொட்டாவி வந்ததை எடிட்டிங்கில் வெட்டிவிட்டார்கள்.

இந்த வருடம்தான் கதை மாறியது. ‘தரைத்தளத்திலிருந்து உச்சிக்கு! யாரிடமும் கற்காமல் தானே கற்ற நாயகன்!’ என்று விளம்பரம் ஓடியது. அவர் தோற்ற இரண்டு வருடங்களிலும் அதே லிஃப்ட் கதையும் அதே முக்காலிக் கதையும்தான் இருந்தன. அப்போது அது யார் கண்ணுக்கும் உச்சியாகத் தெரியவில்லை.

அரங்கத்தில் விளக்குகளைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் உயரத்துக்கு அட்டையில் செய்த மின்தராசு நின்றது. நிகழ்ச்சியை வழங்குபவர்கள் ஒரு தராசுக் கம்பெனி. ‘அளவே ருசி’ என்று அதன் வயிற்றில் எழுதியிருந்தது.

டீச்சர் லிஃப்ட்காரரின் மேடைமுன் நின்றார். அடுப்பு, கத்திகள், உப்பு, மிளகு, மாவு டப்பா, எண்ணெய்.

“காப்பி, நீ இவருக்கு எதிரின்னு வெச்சுக்க. இதுல எதை எடுப்பே?”

“உப்பை. இல்லைன்னா உப்பு டப்பாவுல சர்க்கரை. ஒரே நாள்ல ஆள் காலி.”

“அதான். எதிரியா இருந்தா சாப்பாட்டுல கை வைப்பான். இங்கே வந்தவங்க மூணு தடவையும் அளக்கிற சாமானா பார்த்து எடுத்திருக்காங்க. எடை, நேரம், சூடு. இவர் அளந்து சமைச்சா தோத்துடுவார்னு அந்த ஆளுக்குத் தெரிஞ்சிருக்கு. அப்படின்னா இவரோட சமையலை ரொம்ப நாள் சாப்பிட்ட ஆள்.”

“கடைக்கு வர்றவங்களா?”

“கடைக்கு வர்றவன் பிடிக்கலைன்னா அடுத்த கடைக்குப் போவான். பிடிக்காட்டியும் தினம் சாப்பிட்டாகணும்னா?”

“வீட்டு ஆள்!” என்றான் காப்பி. “ஆனா இவருக்கு யாருமே இல்லையே. ஒவ்வொரு வாரமும் டிவியில அதைச் சொல்லித்தானே ஊரையே அழ வைக்கிறார்?”

டீச்சர் துணித் துண்டின் ஓரத்தை விரலால் வருடினார். “இப்படிப் பல்லு பல்லா வெட்டுறது சமையல் கத்திரி இல்லை. துணி நூல் பிரியாம இருக்க தையல்காரங்க வெச்சிருக்கிற ஜிக்ஜாக் கத்திரி. இந்தக் கட்டடத்துல தையல் மெஷின் எங்கே இருக்கு?”

உடை அறை மாடிப்படிக்குக் கீழே இருந்தது. தறியில் நெய்தாற்போல இடைவெளி இல்லாமல் உடைகள் தொங்கின. அவற்றுக்கு நடுவே மெஷின்முன் ஐம்பத்தெட்டு, அறுபது வயது மதிக்கத்தக்க தையற்கார அம்மாள் வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்வியபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கத்திரி. அதன் வாய் முழுக்கப் பல்.

“ஆறு வருஷமா இங்கே தைக்கிறேன். காலையில எல்லாரும் வர்றதுக்கு முன்னாடி ஏப்ரனைக் கொண்டுபோய் மேடையில மாட்டிட்டு வந்துடுவேன். அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா” என்றார், ஊசிகளை எடுத்துக் குத்திவைத்துவிட்டு.

டீச்சர் அவசரப்படவில்லை. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. இந்த வருடப் போட்டியாளர்கள் பன்னிரண்டு பேரின் அளவுகள். தோள், மார்பு, உயரம் என்று வரிசையாகக் கட்டங்கள். பதினொரு வரிசைகள் நிரம்பியிருந்தன. லிஃப்ட்காரரின் பெயருக்கு நேரே வெறும் கட்டம்.

கொக்கியில் இரண்டு ஏப்ரன்கள் தேய்த்துத் தொங்கின. டீச்சர் பல் டாக்டரம்மாவுடையதை எடுத்தார். இரண்டு தோள்வார்களும் ஒரே நீளம். லிஃப்ட்காரருடையதை எடுத்தார். இடது வார் இரண்டு விரல் கட்டை. தைப்பவர் தவறி விட்டது அல்ல. அளந்து மடித்து இரட்டைத் தையல் போட்டது.

“பத்தொன்பது வருஷம் இடது கையால இரும்புக் கதவை இழுத்தவரு. தோள் ஒரு பக்கமா இறங்கியிருக்கு” என்றார் டீச்சர். “அதை அவர் பேருக்கு நேரா எழுதவே இல்லையே நீங்க? பதினொரு பேருக்கு அளவு எடுத்துத் தைச்சிருக்கீங்க. ஒருத்தருக்கு மட்டும் அளவே இல்லாம கச்சிதமா தைச்சிருக்கீங்க. உங்களுக்கு அவர் என்ன வேணும்?”

தையற்கார அம்மாள் மெஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். அது ஏற்கெனவே நின்றுதான் இருந்தது.

“தம்பி” என்றார்.

 

“தானே கத்துக்கிட்டான்னு டிவியில போடுறாங்களேம்மா, அது பொய்யில்லை. அவனேதான் கத்துக்கிட்டான். ஆனா கத்துக்கிட்டதை எல்லாம் யாரு சாப்பிட்டா? பத்தொன்பது வருஷம்! புத்தகத்துல என்ன போட்டிருந்தாலும் அன்னைக்குச் சாயங்காலம் என் வயித்துல பரீட்சை. தீஞ்சது, வேகாதது, பாதி வெந்தது எல்லாம் நான் சாப்பிட்டிருக்கேன். அதுலகூட ஏதோ இருந்துச்சு. அப்புறம் தராசு வாங்கினான். அதோட போச்சு. ஒரு கடுகு கூடாது, குறையாது. எல்லாம் சரியா இருக்கும். சாப்பிட்டா தபால் ஆபீஸ் பசை மாதிரி இருக்கும்.”

“சொன்னீங்களா?”

“சொன்னேன். அதான் தப்பாயிடுச்சு. லிஃப்ட் வேலை போன அன்னைக்கு, பெருசா கோழி, ரொட்டி எல்லாம் செஞ்சு வெச்சு, கடை போடப்போறேன்கா, எப்படி இருக்குன்னான். ‘ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி ரொம்ப சுத்தமா இருக்குடா’ன்னேன். நாக்குல சனி. புத்தகத்தை எல்லாம் மூட்டை கட்டிக்கிட்டுப் போனவன்தான். எட்டு வருஷம் ஆச்சு. போன வருஷத்துக்கு முந்தின போட்டியில நான் இந்தச் சந்துல நின்னு எட்டிப் பார்த்தேன். கேமரா முன்னாடி, ‘எனக்குன்னு யாரும் இல்லை’ங்கிறான்.” அவர் குண்டூசி ஒன்றைப் பிடுங்கி அதே இடத்தில் மறுபடியும் குத்தினார். “கோவம்தான் வந்துச்சு. ஆனா அந்த நடுவரு ஸ்பூனைக் கீழே வெச்ச விதம் இருக்கே, அதைப் பார்த்ததும் அழுகை வந்துருச்சு. நான் எப்படி வெப்பேனோ அதே மாதிரி வெச்சாரு.”

“அதனால இந்த வருஷம் தராசை எடுத்தீங்க.”

“ஒரு தடவை வீட்டுல கரண்ட் போச்சும்மா. தராசுல எழுத்து தெரியலை. கைக்கு வந்தபடி அள்ளிப் போட்டான். அன்னைக்குச் சாப்பிட்ட சாப்பாடு இன்னும் நாக்குல இருக்கு. அதுல வந்த புத்திதான் இது. தராசை எடுத்தேன், டைமரை எடுத்தேன். மறுநாளே வெச்சுட்டேன். திருட்டுப் பொருளை நான் வீட்டுக்குக் கொண்டுபோகலை.”

“தெர்மாமீட்டர்?”

“அதை நான் எடுக்கலை” என்றார் அவர். “அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். வேலைக்கே வரலை. வேணும்னா கேட்டுப் பாருங்க.”

டீச்சர் தாளையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அவன்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்கம்மா. என் வேலை போனாலும் பரவாயில்லை. அவன் ஜெயிச்சதெல்லாம் நான் பண்ணினதுன்னு நினைச்சுக்குவான். அப்புறம் கரண்டியைத் தொடமாட்டான்.”

வெளியே வந்ததும் டீச்சர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். கையில் போட்டி விதிமுறைப் புத்தகம். பதினான்காவது விதி: போட்டியாளர் தம் உறவினரிடமிருந்து அரங்கத்தில் எவ்வித உதவி பெற்றாலும் தகுதி நீக்கம் செய்யப்படுவார்.

“பரீட்சை ஹால்ல அக்கா வந்து தம்பிக்கு உதவி பண்ணியிருக்கா. என் அண்ணன் பொண்ணு பிட்டு வெச்சிருந்தப்போகூட நான் விட்டதில்லை, தெரியுமா?”

“டீச்சர், உங்க சர்வீஸ்ல பிட்டு குடுத்தவங்களைப் பிடிச்சிருக்கீங்க. சரி. இந்தம்மா பிட்டையா குடுத்தாங்க? கையில இருந்த பிட்டைப் பிடுங்கிட்டுப் போயிருக்காங்க. அதைத்தானே நீங்களும் இருபத்திரண்டு வருஷம் பண்ணினீங்க?”

டீச்சர் அவனையே பார்த்தார். “இதை யாரைப் பார்த்து எழுதினே?”

“சொந்தச் சரக்கு டீச்சர். சத்தியமா.”

“முதல் தடவையா உனக்கு மார்க் போடலாம் போல இருக்கு” என்று எழுந்தார் அவர். “மணி என்ன?”

“பன்னிரண்டே முக்கால்.”

“தெர்மாமீட்டரை எடுத்த ஆளைப் பார்த்துட்டு வந்துடலாம்.”

போட்டியாளர்கள் காத்திருக்கும் அறையில் லிஃப்ட்காரர் தனியாக இருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், ஒல்லி, இடது தோள் கொஞ்சம் சரிந்தவர். வசதியான சோபாவை விட்டுவிட்டு, சுவரோரம் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் தன்னை அறிமுகம் செய்துகொண்டு நேராகக் கேட்டார்: “தெர்மாமீட்டரை எங்கே வெச்சிருக்கீங்க?”

கத்தியைத் துடைத்த கை நின்றது. 

“மாவு டப்பாவுல. அடியில” என்றார் லிஃப்ட்காரர் மெதுவாக. “எப்படித் தெரிஞ்சது?”

“திருடினவங்க மனசு உறுத்தித் திருப்பி வெச்சாங்க. மூணாவது சாமான் திரும்பி வரவே இல்லை. சாமான் யாருதோ அவரே எடுத்தா யாருக்குத் திருப்பிக் குடுப்பார்?”

அவர் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. “அன்னைக்கு மேடைக்கு வந்து பார்க்கிறேன், எல்லாம் அதது அந்தந்த இடத்துல இருக்கு. பக்குன்னு ஆயிடுச்சு. தெர்மாமீட்டர் கண்ணுல பட்டா கை தானா அதுக்கிட்ட போகும்மா. ஒரு தடவை பார்த்தா, பத்து தடவை பார்ப்பேன். மீனைப் பார்க்கமாட்டேன். அந்த ரெண்டு சுற்றுலதான் நான் முதல் தடவையா ரொட்டியையும் முட்டையையும் பார்த்தேன். மறுபடியும் பழையபடி ஆயிடுவேனோன்னு பயம். யாரும் பார்க்காதப்போ மாவுல சொருகிட்டேன்.”

“முதல் ரெண்டையும் எடுத்தது யாருன்னு தெரியுமா?” என்று கேட்டான் காப்பி. டீச்சர் முறைத்தார். அதற்குள் கேள்வி வாயைவிட்டுப் போய்விட்டது.

லிஃப்ட்காரர் தன் இடது தோளைத் தொட்டுக்கொண்டார். “முதல் நாள் ஏப்ரனை மாட்டினதுமே தெரிஞ்சிருச்சு. இந்தத் தோள் இறங்கியிருக்கிறது கண்ணாடியில பார்த்தா எனக்கே தெரியாது. உலகத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தெரியும்.”

“தெரிஞ்சும் போய்ப் பேசலையா?”

“என்னன்னு பேசறது? எட்டு வருஷம் கழிச்சுப் போய், எடுத்த எடுப்புல ‘என் தராசு எங்கே’ன்னா கேக்கிறது?” அவர் கத்தியை உறையில் போட்டார். “டிவியில வேற ‘எனக்கு யாரும் இல்லை’ன்னு சொல்லி வெச்சிருக்கேன். முதல் வருஷம் கோவத்துல சொன்னது. அது அவங்களுக்குப் பிடிச்சுப்போச்சு. ஒவ்வொரு வாரமும் அதையே சொல்லுங்கன்னு எழுதிக் குடுத்துடுறாங்க. அக்கா பேரு இதுல வந்தா அவங்க வேலை போயிடும். நான் விலகிக்கிறேன். உடம்பு சரியில்லைன்னு சொல்லிடுங்க.”

“பரீட்சை முடியறதுக்கு முன்னாடி பேப்பரைக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போறவங்களை எனக்குப் பிடிக்காது” என்றார் டீச்சர். “நீங்களே தயாரிப்பாளர்கிட்ட வந்து நடந்ததைச் சொல்லணும். அதுக்கப்புறம் நான் பேசுறேன்.”

இரண்டு மணிக்குத் தயாரிப்பாளரின் அறை நிரம்பியிருந்தது. லிஃப்ட்காரர் ஒளிவுமறைவின்றிச் சொல்லி முடித்தார். பல் டாக்டரம்மா கைகட்டி நின்று கேட்டார். தயாரிப்பாளர் பாதியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதைக் கேமராமுன் இன்னொரு முறை சொல்ல முடியுமா என்று கேட்டார். முடியாது என்றதும் கண்கள் காய்ந்தன; விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

“பதினாலாவது விதி. உறவினர் உதவி. வேற வழியில்லை, தகுதி நீக்கம்தான்.”

“தாராளமா பண்ணுங்க” என்றார் டீச்சர். “ஆனா நாளைக்குக் காரணம் சொல்லணுமே. என்ன எழுதுவீங்க?”

“அக்கா உதவி பண்ணினாங்கன்னு.”

“என்ன உதவின்னு கேப்பாங்க.”

“தராசை எடுத்து…” தயாரிப்பாளர் அங்கேயே நிறுத்தினார். அவர் பார்வை கண்ணாடிச் சுவருக்கு வெளியே போனது. ஆள் உயரத் தராசு, வயிற்றில் ‘அளவே ருசி’யுடன் நின்றுகொண்டிருந்தது.

காப்பி வாக்கியத்தை அன்போடு முடித்துவைத்தான். “தராசை எடுத்தது உதவி. எடுத்ததும் சாப்பாடு ருசியாயிடுச்சு. இதை நம்ம நிகழ்ச்சியை வழங்குற தராசுக் கம்பெனி சார்பா பெருமையோட அறிவிக்கிறோம்.”

தயாரிப்பாளர் விதிப் புத்தகத்தை மூடிவைத்தார்.

“உதவின்னு சொல்ல முடியாதுதான்” என்றார் தயாரிப்பாளர் கடைசியில். “தராசு இல்லாதது ஒரு இடைஞ்சல். இடைஞ்சலையும் மீறி ஜெயிச்சிருக்கார். அப்படித்தான் பார்க்கணும்.”

“அப்படின்னா எனக்கும் அதே இடைஞ்சல் வேணும்” என்றார் பல் டாக்டரம்மா. “என் தராசையும் எடுங்க.”

“யாரும் எதையும் எடுக்கக் கூடாது!” என்று அலறினார் தயாரிப்பாளர். “ரெண்டு பேர் மேடையிலயும் எல்லாம் இருக்கும். அதோட சார், நீங்க இன்னைக்கு மூணு தடவையாவது தராசுல எதையாவது வெச்சுக் கேமராவுக்குக் காட்டணும். இது என் நிபந்தனை. அந்தம்மா வேலையில இருக்கட்டும்.”

மூன்று மணிக்கு விளக்குகள் எரிந்தன. இறுதிச் சுற்று: ஒரு சூப், ஒரு ரொட்டி, ஒரு வறுத்த கோழி. டீச்சரும் காப்பியும் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்தார்கள். உடை அறைச் சந்தின் திரை விலகி, ஒரு கண் மட்டும் தெரிந்தது.

பல் டாக்டரம்மா வேலை செய்வதைப் பார்க்க அழகாக இருந்தது. அரை மில்லிமீட்டர் பிசகினால் எதிரில் இருப்பவர் துள்ளிக் குதிப்பார் என்ற தொழிலிலிருந்து வந்தவர். அளவு அவருக்குப் பாரமாக இல்லை. லிஃப்ட்காரர் முதலில் தடுமாறினார். தராசைப் பார்த்தார், டைமரைப் பார்த்தார், தெர்மாமீட்டரைப் பார்த்தார். நெற்றியில் வியர்த்தது. காப்பி நகத்தைக் கடித்தான். பிறகு அவர் ஒரு காரியம் செய்தார். டைமரையும் தெர்மாமீட்டரையும் எடுத்து, எல்லாரும் பார்க்க, மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினார். தராசை மட்டும் விட்டுவைத்தார். அதற்கு ஒப்பந்தம் இருக்கிறதே.

அதன்பின் அவர் கைகள் ஓடின. குனிந்து மோந்தார். ரொட்டியைத் தட்டிச் சத்தம் கேட்டார். கோழியின் தொடையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளே தள்ளினார். நடுநடுவே தயாரிப்பாளர் கையைக் காட்டும்போதெல்லாம் ஒரு வெங்காயத்தை எடுத்துத் தராசில் வைத்துக் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார். ஒரே வெங்காயம்தான். அதைச் சமையலில் சேர்க்கவே இல்லை. மூன்றாவது முறை அதைக் கொண்டுபோய் வைத்துத் திரும்புவதற்குள் சூப் அடிப்பிடித்துவிட்டது.

நடுவர் கோழியைச் சாப்பிட்டார். அவர் ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை. ரொட்டியால் தட்டை வழித்தார். சூப்பில் மட்டும் முகம் லேசாகச் சுருங்கியது.

“அடிப்பிடிச்ச வாசனை கொஞ்சம் இருக்கு. ஆனா இந்தக் கோழி… இதை எந்தப் புத்தகத்துலயும் படிச்சிருக்க முடியாது. யாருங்க இப்படிச் செய்யச் சொன்னது?”

எழுதிக் கொடுத்த பதில் லிஃப்ட்காரரின் சட்டைப் பையில் இருந்தது. அவர் அதை எடுக்கவில்லை.

“யாரும் சொல்லலை. நானேதான். ஆனா ருசி பார்த்து நல்லா இல்லைன்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல? எனக்கு இருந்தாங்க. உண்மையைச் சொன்னதுக்கு நான்தான் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டேன்.” உடை அறைச் சந்தின் பக்கம் கைகாட்டினார். “அதோ நிக்கிறாங்க. எங்க அக்கா.”

மூன்று கேமராக்களும் ஒரே நேரத்தில் திரும்பின. திரைக்குள் கண் மறைந்தது. திரை மட்டும் ஆடியது. கேமராக்காரர் விடுவாரா? திரையை விலக்கினார். கழுத்தில் அளவு நாடா தொங்க, வாயில் குண்டூசியோடு அவர் நின்றார்.

அரை மதிப்பெண்ணில் பல் டாக்டரம்மா வென்றார். கோப்பையை வாங்கிக்கொண்டு அவர் நேராக லிஃப்ட்காரரிடம் வந்து, “அடுத்த வருஷம் அந்த வெங்காயத்தை நான் வந்து பிடிச்சுக்கிறேன்” என்று கைகுலுக்கிவிட்டுப் போனார். வக்கீல் பேச்சை அதோடு யாரும் எடுக்கவில்லை.

விளக்குகளை அணைக்கத் தொடங்கியபோது, லிஃப்ட்காரர் ஒரு தட்டில் கோழியையும் ரொட்டியையும் எடுத்துக்கொண்டு உடை அறைக்குப் போனார். டீச்சர் வேண்டாம் என்று சொல்லியும் காப்பி பின்னாலேயே போய்க் கதவோரம் நின்றான். கடைசியில் டீச்சரும் வந்து நின்றார்.

“ஏன்டா, உனக்கு அறிவிருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார் அக்கா. எட்டு வருடங்களில் அவர் தம்பியிடம் பேசிய முதல் வார்த்தைகள். “ஊரே பார்க்கிற டிவியில என்னைக் காட்டுறியே, தலை வாரியிருக்கேனான்னு ஒரு வார்த்தை கேட்டியா? வாயில ஊசியோட! பேய் மாதிரி! நாளைக்கு நான் வெளியில எப்படித் தலைகாட்டுவேன்?”

தம்பி துணிகளை ஒதுக்கி, தையல் மெஷின்மேல் தட்டை வைத்தார்.

அக்கா கோழியைப் பிய்த்து வாயில் போட்டார். மென்றார்.  பிறகு ரொட்டியைக் கிழித்துக்கொண்டே, எட்டு வருடமாக ஒரு போன்கூட இல்லையே என்று ஆரம்பித்தார். அவர் திட்டும் நிற்கவில்லை, தட்டிலிருந்து எடுத்த கையும் நிற்கவில்லை. திட்டு முடிந்தபோது தட்டும் காலியாக இருந்தது.